ஸ்கானில் தெரியாதது

ஆராதனை முடிந்து, மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிற நேரத்தில் நம் பெரியவர்களிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "தம்பிக்குத் தலைக்கு ஸ்கான் எடுத்தவை. ஒண்டும் இல்லையாம். எல்லாம் நோர்மலாம்." கேட்பவருக்கும் நிம்மதி. ஆனால் சில வேளைகளில் அதோடு இன்னொரு வசனமும் வந்துவிடும். "பிறகென்ன, எழும்பி வேலைக்குப் போகலாம்தானே?" வேறு சிலர் குரலைத் தாழ்த்தி, "ஜெபம் குறைஞ்சு போச்சு, அதுதான்" என்பார்கள்.

அந்தத் தம்பி மாதக்கணக்காக நித்திரை இல்லாமல், சாப்பாட்டில் விருப்பம் இல்லாமல், பழகின நண்பர்களின் போனைக்கூட எடுக்காமல் அறைக்குள் கிடப்பவன். ஸ்கான் முடிவு வந்த நாளிலிருந்து, அவனுடைய துன்பத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. படத்தில் ஒன்றும் இல்லை என்றால் அவனுக்கும் ஒன்றும் இல்லை என்று வீட்டார் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

வைத்தியர் சொன்னது அதுவல்ல. கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை, நீர் கோர்க்கவில்லை, மூளையின் அமைப்பு சரியாக இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னது. அந்தப் படம் பார்க்கக்கூடியது அவ்வளவுதான். மூளைக்குள் கலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இரசாயனத்தால். அந்த இரசாயனப் பேச்சு ஆஸ்பத்திரியில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் விழுவதே இல்லை. அதைப் படத்தில் விழவைக்க முடியுமா என்று ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு கூட்டம் ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் இம்முறை நாம் பார்க்கப்போகிறோம். கொஞ்சம் இரசாயனமும் கொஞ்சம் பௌதிகவியலும் வரும். ஜி.சி.எஸ்.ஈ. படிக்கிற பிள்ளைகளுக்கு இது சுலபம். அப்பா அம்மாவுக்கு விளங்காத இடத்தை அவர்களே விளக்கட்டும்.

நீரைப் படம் பிடிக்கும் காந்தம்

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உண்மையில் பார்ப்பது நம் உடலிலுள்ள நீரையும் கொழுப்பையும்தான். நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள். ஐதரசன் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்த ஊசி போல நடந்துகொள்ளும். சாதாரணமாக இந்த ஊசிகள் கண்டபடி எல்லாத் திசையிலும் நிற்கும். மூன்று தெஸ்லா வலுவுள்ள காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 60,000 மடங்கு வலுவான ஒன்றுக்குள், நம்மைப் படுக்க வைத்தால், அவற்றில் சில காந்தத்தின் திசைக்குச் சாயும். எல்லாம் சாயும் என்று நினைக்கவேண்டாம். பத்து இலட்சம் ஊசிகளில் ஏறத்தாழ பத்துத்தான் மேலதிகமாக ஒரு பக்கம் நிற்கும். ஒரு துளி நீரிலேயே ஊசிகள் கோடானுகோடி என்பதால் அந்தப் பத்தே போதுமானதாகிவிடுகிறது.

பிறகு ஒரு ரேடியோ அலை. மூன்று தெஸ்லா இயந்திரத்தில் அது ஏறத்தாழ 128 மெகாஹேர்ட்ஸ். நம் காரில் கேட்கும் எஃப்.எம். வானொலி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே. அந்த அலை ஊசிகளைத் தட்டிச் சாய்க்கும். அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவையும் மெல்லிய ரேடியோ அலையொன்றை விடும். இயந்திரம் அதைப் பிடித்துப் படமாக்குகிறது. உள்ளே படுத்திருந்தவர்களுக்குத் தெரியும், டக் டக் என்று காதைப் பிளக்கும் ஒரு சத்தம். எந்த அலை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காகக் காந்தப்புலத்தை விரைவாக மாற்றும் கம்பிச் சுருள்கள் அதிர்கிற சத்தம் அது.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது: ஊசிகள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மூளையின் சாம்பல் பகுதியில் ஒரு நேரம், வெள்ளைப் பகுதியில் வேறு நேரம். பக்கத்தில் இரும்பு, மங்கனீசு, கடோலினியம் போன்ற காந்தத்தன்மையுள்ள அணு ஒன்று இருந்தால் அந்த நேரம் மேலும் மாறிவிடும். சிலருக்கு ஸ்கானின் நடுவில் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்களே, அது பெரும்பாலும் கடோலினியம்தான்.

இந்த இயந்திரம் பிறந்ததில் நாம் வாழும் இந்த நாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் போல் லோற்றர்பரும் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீற்றர் மான்ஸ்ஃபீல்டும் 2003 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மான்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலுக்குப் போனவர். விஞ்ஞானம் உனக்குச் சரிவராது என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். வேலை செய்துகொண்டே படித்துப் பல்கலைக்கழகம் போனார். 1978 இல் முழு உடலும் நுழையக்கூடிய இயந்திரம் தயாரானபோது, இதயத்துக்கு ஆபத்து வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தும், முதலில் தானே உள்ளே போனார். ஒரு துண்டுப் படத்தை ஒரு செக்கனிலும் குறைந்த நேரத்தில் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அந்த வேகம் கிடைத்திராவிட்டால் வேலை செய்துகொண்டிருக்கிற மூளையைப் படம் பிடிப்பது நடந்திருக்காது.

தண்ணீர் மீற்றர்

வேலை செய்கிற மூளையைப் பார்க்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1936 இலேயே லைனஸ் போலிங், சார்ள்ஸ் கோரியெல் என்ற இரு இரசாயனவியலாளர்கள் இரத்தத்தைப் பற்றி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும்போது காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை. ஒட்சிசனை இறக்கிவைத்ததும் ஈர்க்கப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1990 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையில் இதைப் பயன்படுத்தினார். ஒட்சிசன் குறைந்த இரத்தம் ஓடும் நாளங்கள் படத்தில் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. ஒட்சிசன் கூடியபோது கோடுகள் மறைந்தன. வெளியிலிருந்து எந்த மருந்தும் ஏற்றவில்லை. உடலில் ஏற்கெனவே ஓடும் இரத்தமே அடையாளம் காட்டியது.

1992 இல் அமெரிக்காவில் சில குழுக்கள் தனித்தனியே மனிதர்களில் இதைச் செய்து காட்டின. கண்ணுக்கு முன் வெளிச்சத்தை மின்னவிட்டால் மூளையின் பின்பகுதி படத்தில் பளிச்சிட்டது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால் அங்கே இரத்தம் பாயும், அதுவும் தேவைக்கு மிஞ்சியே பாயும். ஒட்சிசனுள்ள இரத்தம் நிறைந்ததும் அந்த இடம் சற்றுப் பிரகாசமாகும். இதைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. என்கிறோம். பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி போட்டு, "அன்பு செலுத்தும்போது மூளை", "பயப்படும்போது மூளை" என்று வருகிற படங்கள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

இது பெரிய சாதனை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படங்களை நாம் வாசிக்கிற விதத்தில்தான் சிக்கல். நம் வீட்டுத் தண்ணீர் மீற்றர் வேகமாகச் சுற்றுகிறது என்றால் உள்ளே யாரோ தண்ணீர் பாவிக்கிறார்கள் என்று தெரியும். குளிக்கிறார்களா, உடுப்புத் தோய்க்கிறார்களா, சோறு வடிக்கிறார்களா என்பது மீற்றரில் தெரியாது. எஃப்.எம்.ஆர்.ஐ.யும் மூளையின் தண்ணீர் மீற்றர்தான். நரம்புக்கலம் ஒன்று செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தன் வேலையை முடித்துவிடும். இரத்தம் வந்து நிறைந்து உச்சத்தை அடைய ஏறத்தாழ ஐந்து செக்கன் ஆகும். படத்தின் மிகச் சிறிய புள்ளி என்பது பொதுவாக இரண்டு மூன்று மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு கட்டி. அதற்குள்ளேயே பல இலட்சம் நரம்புக்கலங்கள். மொத்த மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றில் யார் யாரோடு எந்த இரசாயனத்தால் பேசினார்கள் என்று இரத்தம் சொல்லாது.

போதாததற்கு, அந்த நிறங்கள் கமரா பார்த்த நிறங்கள் அல்ல. கணக்குப் போட்டுப் பூசப்பட்டவை. 2009 இல் கிரெய்க் பென்னற் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த விதம் நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடையில் வாங்கின ஒரு சமன் மீனை, செத்த மீனைத்தான், இயந்திரத்துக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று மீனிடம் கேட்டார்கள். பிறகு கணக்கில் செய்யவேண்டிய ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டுப் பார்த்தபோது, செத்த மீனின் மூளையிலும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே தேறிவிடும் என்பதுதான் பாடம். 2012 இல் இந்த ஆய்வுக்கு, சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் வேலைகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் டோபமின்

இப்போது நம் வாலிபர்களின் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று. போனைச் சுரண்டினால் டோபமின், கேம் விளையாடினால் டோபமின், சொக்லேற் சாப்பிட்டால் டோபமின். பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் வருவதும் அதுவே. இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறோமே, மனிதனின் தலைக்குள் டோபமினை யாராவது அளந்தார்களா?

அளந்திருக்கிறார்கள், அதுவும் இங்கே லண்டனில். 1998 இல் ஹமர்ஸ்மித் ஆஸ்பத்திரி ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை ஒரு கேம் விளையாட விட்டார்கள். போர்க்களத்தில் டாங்கி ஒன்றை ஓட்டிக் கொடிகளைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு படி தாண்டினாலும் ஏழு பவுண் பரிசு. விளையாடும் நேரத்தில் மூளையின் ஆழத்தில் டோபமின் சுரப்பது அதிகரித்ததை அவர்கள் காட்டினார்கள். இதற்குப் பயன்பட்டது எம்.ஆர்.ஐ. அல்ல, பெற் ஸ்கான். மெல்லிய கதிர்வீச்சுள்ள ஒரு பொருளை இரத்தத்தில் ஏற்ற, அது டோபமின் உட்காரும் இருக்கைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான டோபமின் வரும்போது இந்தப் பொருளுக்கு இருக்கை கிடைக்காது. ஆக, குறைந்துபோன கதிர்வீச்சிலிருந்து கூடின டோபமினைக் கணக்கிடுகிறார்கள்.

கெட்டித்தனமான வழி. ஆனால் அந்த ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம். எந்தக் கொடியை எடுத்தபோது, எந்த நொடியில் டோபமின் வந்தது என்பது அந்த ஐம்பது நிமிடக் குவியலுக்குள் கரைந்துபோகும். கதிர்வீச்சு என்பதால் ஒருவருக்குத் திரும்பத் திரும்பவும் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ.க்கு வேகம் உண்டு, கூர்மை உண்டு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் டோபமினை அது காணாது. பெற் டோபமினைக் காணும். ஆனால் மெதுவாக, மங்கலாக. இரண்டின் நன்மையும் ஒன்றில் கிடைக்காதா?

மண்ணிலுள்ள பக்டீரியாவிலிருந்து

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் அலன் ஜசனொஃப். அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் பேராசிரியர். (அதுவும் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில்தான் இருக்கிறது, நம்முடைய கேம்பிரிட்ஜ் அல்ல, பொஸ்ரனுக்குப் பக்கத்தில்.) அவர் நினைத்தது இதுதான். காந்தத்தன்மையுள்ள அணு பக்கத்தில் இருந்தால் நீரின் ஊசிகள் திரும்பும் நேரம் மாறுகிறது. அப்படியானால், டோபமின் வந்து ஒட்டும்போது மட்டும் தன் காந்த வேலையை மாற்றிக்கொள்ளும் ஒரு மூலக்கூறை மூளைக்குள் வைத்தால், டோபமின் எங்கே எப்போது வந்தது என்பதைச் சாதாரண எம்.ஆர்.ஐ. இயந்திரமே படம் பிடித்துவிடுமே!

அப்படி ஒரு மூலக்கூறு கடையில் கிடைக்காது. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவில் பி450 பி.எம்.3 என்ற புரதம் இருக்கிறது. கொழுப்பு அமிலங்களை மாற்றியமைப்பதுதான் அதன் இயல்பான வேலை. அதன் நடுவில், நம் ஹீமோகுளோபினில் இருப்பது போலவே, ஒரு இரும்பு அணு. அந்த இரும்போடு நீர் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டும், விலகும், அடுத்தது வரும். இப்படி இரும்பைத் தொட்டுப்போகும் நீரெல்லாம் படத்தில் பிரகாசமாகும். டோபமின் வந்து அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டால் நீருக்கு அங்கே இடமில்லை, பிரகாசம் குறையும். ஆகவே இங்கே கவனிக்கவேண்டியது ஒளி கூடுவதை அல்ல, மங்குவதை. டோபமின் வந்த இடம் இருளும்.

சிக்கல் என்னவென்றால், இயற்கையிலிருந்த புரதம் டோபமினை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதற்குக் கொழுப்பு அமிலத்தில்தான் ஆசை. இந்த இடத்தில்தான் கலிபோர்னியாவின் கல்ரெக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஆர்னல்டின் முறை உதவிக்கு வந்தது. புரதத்தை உருவாக்கும் மரபணுவில் அங்குமிங்குமாக மாற்றங்களைச் செய்வது. நூற்றுக்கணக்கான புதிய வகைகளை வளர்ப்பது. அவற்றில் டோபமினைச் சற்றேனும் நன்றாகப் பிடிப்பதைத் தெரிந்தெடுப்பது. அதை வைத்து மறுபடியும் மாற்றுவது. நம் ஊரில் நல்ல விளைச்சல் தந்த நெல்லை விதைக்கு எடுத்துவைப்பார்களே, அதேதான். வயலுக்குப் பதிலாகச் சோதனைக் கிண்ணம். சில சுற்றுகளில் புரதத்தின் ஆசை மாறியது. கொழுப்பு அமிலத்தை விட்டு டோபமினைப் பிடிக்கத் தொடங்கியது. ஜசனொஃபின் மாணவராயிருந்த மிக்கேல் ஷபிரோவும் மற்றவர்களும் ஆர்னல்டோடு சேர்ந்து 2010 இல் இதை வெளியிட்டார்கள். இந்தத் தெரிந்தெடுக்கும் முறைக்காகவே ஆர்னல்டுக்கு 2018 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

2014 இல் அடுத்த படி. எலிகளின் மூளையின் ஆழத்தில், மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் சம்பந்தப்பட்ட பகுதியில் இந்தப் புரதத்தைச் செலுத்தி, டோபமின் நரம்புகள் செல்லும் கட்டை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். டோபமின் எந்த இடத்தில் அதிகமாகவும் எந்த இடத்தில் குறைவாகவும் வெளிவருகிறது என்று சில செக்கன்களுக்கு ஒருமுறை படமாக வந்தது. ஐம்பது நிமிடக் குவியல் சில செக்கன்களாகச் சுருங்கியது. அதற்கு முன்னர் மெல்லிய கம்பி முனையை வைத்து ஒரு புள்ளியில் மட்டுமே இவ்வளவு விரைவாக அளக்க முடிந்தது. இப்போது ஒரு பிரதேசம் முழுவதன் வரைபடமே கையில்.

2020 இல் ஜசனொஃபும் அவருடைய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த இன்னொருவரும் இந்த முறையையும் பழைய இரத்த முறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் டோபமின் சுரந்தால், அதன் பலன் அந்த இடத்தோடு நிற்பதில்லை, உடல் அசைவைக் கவனிக்கும் தூரத்துப் பகுதியையும் எட்டுகிறது என்று தெரிந்தது. தண்ணீர் மீற்றரையும் அடுப்படியையும் ஒரே நேரத்தில் பார்த்ததுபோல.

டோபமினோடு இது நிற்கவில்லை. செரட்டோனினுக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த புரதத்தை வளர்த்தெடுத்து, வெளிவந்த செரட்டோனினை மூளை எவ்வளவு விரைவாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று 2016 இல் அளந்தார்கள். மனச்சோர்வுக்கு வைத்தியர்கள் அதிகம் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்வது இந்தத் திரும்ப உறிஞ்சும் படியில்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். கல்சியமும் இன்னொரு இலக்கு. நரம்புக்கலம் வேலை செய்யும்போது கல்சியம் உள்ளே பாயும். ஆகவே கல்சியத்தைக் கண்டால் நரம்பின் வேலையையே நேராகக் கண்டதுபோல. இதற்காக 2018 இல் இரும்பு ஒட்சைட்டின் மிக நுண்ணிய துணிக்கைகளைச் செய்தார்கள். கல்சியம் இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டும், குறைந்தால் பிரியும். அடுத்த வருடம், கலத்துக்குள்ளேயே நுழைந்து கல்சியத்தைக் காட்டும் மங்கனீசு மூலக்கூறு ஒன்று வந்தது.

மூளையின் வாசற்காவல்

இவ்வளவு இருந்தும் ஏன் நம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரவில்லை? மேலே சொன்னவை பெரும்பாலும் எலிகளில்தான் நடந்தன. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, மூளையின் காவல். மூளைக்குள் போகும் இரத்த நாளங்களின் சுவரில் கலங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியிருக்கின்றன. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடமாட்டா. கையில் ஊசி போட்டால் பி450 புரதம் மூளைக்குப் போய்ச் சேராது. அதனால் எலிகளுக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாய் வழியாக நேரே செலுத்துகிறார்கள். மனிதருக்கு, அதுவும் வெறும் படம் எடுப்பதற்காக, அதை யாரும் செய்யப்போவதில்லை.

காவலைச் சற்று நேரம் திறக்கும் வழிகளும் ஆராயப்படுகின்றன. 2015 இல், நம் உறவினர் பலர் வாழும் ரொறொன்ரோவில், சனிபுறூக் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் மூளைக் கட்டியுள்ள ஒரு நோயாளிக்குக் குவித்த ஒலி அலைகளால் அந்தச் சுவரைத் தற்காலிகமாகத் திறந்து மருந்தை உள்ளே அனுப்பினார்கள். அது சிகிச்சைக்காக. ஆரோக்கியமான ஒருவருக்குப் படம் எடுக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்யலாமா என்பது வேறு கேள்வி, எங்களுக்கு அதில் தயக்கமே. நச்சுத்தன்மையும் பார்க்கவேண்டியிருக்கிறது. கடோலினியமே பல வருடங்கள் பயமின்றிப் பாவிக்கப்பட்டு, பிறகு சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் கடுமையான நோயைக் கொடுக்கிறது என்று 2006 அளவில் தெரியவந்து, அதன் சில வகைகளை ஐரோப்பாவில் கட்டுப்படுத்தினார்கள். அவசரப்படாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஆனால் மூளையின் இரசாயனத்தைக் காட்டும் ஸ்கான் ஒன்றுமே இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் குடும்பங்களில் அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கை நடுங்கத் தொடங்கினால், பார்க்கின்சன் நோயா வேறு நடுக்கமா என்ற சந்தேகம் வரும். பார்க்கின்சன் என்பது டோபமின் கலங்கள் அழிந்துபோகும் நோய். சாதாரண எம்.ஆர்.ஐ. அதில் பெரும்பாலும் நோர்மல் என்றே வரும். சந்தேகம் தீராதபோது டாற்ஸ்கான் என்ற வேறொரு ஸ்கானுக்கு இங்குள்ள வைத்தியர்கள் அனுப்புவதுண்டு. டோபமின் நரம்புகளின் முனையில் ஒட்டும் மெல்லிய கதிர்வீச்சுப் பொருளொன்றை ஏற்றி எடுப்பது. நல்ல மூளையில் இரு பக்கமும் காற்புள்ளி போன்ற இரண்டு வடிவங்கள் தெரியும். நோய் இருந்தால் காற்புள்ளியின் வால் மறைந்து முற்றுப்புள்ளியாகச் சுருங்கும். ஒரே மனிதர், ஒரே மூளை. ஒரு ஸ்கானில் நோர்மல், மற்றதில் நோய்! முதலாவது ஸ்கான் பொய் சொல்லவில்லை, அதனிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

மனச்சோர்வுக்கோ இன்றைக்கு அப்படி ஒரு காற்புள்ளியும் கிடையாது. "செரட்டோனின் குறைந்துவிட்டது, அதனால்தான் மனச்சோர்வு" என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அவ்வளவு எளிதான விளக்கத்தை ஆய்வுகள் தாங்கிப்பிடிக்கவில்லை. மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. எந்த வழியால் உதவுகின்றன என்பது முழுதாகத் தெளிவாகவில்லை. ஒருநாள் மனிதரிலும் செரட்டோனினைச் செக்கனுக்குச் செக்கன் பார்க்க முடிந்தால் இந்த விவாதம் தீரும். அதுவரை, படம் இல்லை என்பதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. நிறுத்துவதானாலும் வைத்தியரோடு பேசிப் படிப்படியாகவே நிறுத்தவேண்டும்.

ஆகவே அறைக்குள் கிடக்கும் அந்தத் தம்பிக்கு ஸ்கான் எடுத்தது வேறு வருத்தங்கள் இல்லை என்று உறுதி செய்ய. மனச்சோர்வை ஜி.பி. கண்டறிவது கேள்விகளால். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, நித்திரை எப்படி, பசி எப்படி, உயிரோடு இருப்பதைவிடச் சாவது மேல் என்ற எண்ணம் வந்ததா என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை இங்கே பல ஜி.பி.கள் பாவிக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அன்றைக்கே உதவி தேடவேண்டும். 111 க்கு அழைக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு ஜி.பி.யின் கடிதம் இல்லாமல் நேரடியாகவே பெயர் கொடுக்கலாம். ஆங்கிலம் தடையாக இருக்கும் அம்மாவோ அப்பாவோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.